உம்மையில் தொடங்கும் சண்டை

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதினார்: "இன்றைய கூட்டத்துக்கு எல்லாரும் வரவில்லை. பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவதென்று முடிவாயிற்று."

ஐந்தாவது நிமிடம் மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது. "யாருமே வராத கூட்டத்தில் முடிவெடுத்தது யார் சார்?"

"யாரும் வரவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? 14 பேர் வந்திருந்தோம்."

"மேலே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பாருங்கள்."

"எல்லாரும் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்."

"அதையேதான் நானும் சொல்கிறேன்."

இருவரும் ஒரே வாக்கியத்தைக் காட்டித்தான் வாதாடினார்கள். இருவரும் படித்தது சரிதான். செயலாளர் மனத்தில் இருந்தது 'சிலர் வரவில்லை'. மூன்றாம் மாடிக்காரர் கண்ணில் பட்டது 'ஒருவரும் வரவில்லை'. பதினொரு மணி வாக்கில் பேச்சு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் ரிப்பேர் கணக்குக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

இணையத்தில் சண்டை வருவது பெரிய சொற்களால் என்று பொதுவாக நினைக்கிறோம். துரோகி, அடிமை, கைக்கூலி போன்றவை. அவை சண்டை முற்றிய பிறகு வருகிறவை. தொடக்கத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஓர் 'உம்', ஓர் 'ஏ', ஒரு 'தான்', அல்லது விட்டுப்போன ஒரு 'ஐ' கிடைக்கிறது. இலக்கணப் பாடத்தில் நாம் தூங்கிக் கழித்த இடைச்சொல்லும் வேற்றுமை உருபும்தான் இவை.

நன்னூலில் 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்லப்படுகிறது. அவற்றில் இரண்டு நமக்குப் போதும். 'எல்லாரும் வந்தார்கள்' என்பதில் இருப்பது முற்றும்மை; ஒருவர் மிச்சமில்லை. 'மாமாவும் வந்தார்' என்பதில் இருப்பது எச்சவும்மை. வேறு யாரோ வந்திருப்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இவற்றை வகுத்துச் சொன்ன கையோடு பவணந்தி முனிவர் அடுத்த நூற்பாவை வைக்கிறார்: 'முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்.' அதாவது, முழுமையைக் காட்டும் உம்மை எதிர்மறையோடு சேரும்போது மிச்சத்தைக் காட்டக்கூடும். 'எல்லாரும் வந்திலர்' என்றால் சிலர் வந்தார்கள் என்ற பொருளும் கொள்ளலாம். எங்கள் செயலாளர் எழுதிய வாக்கியமேதான் இது.

இது பவணந்தி புதிதாகக் கண்டதும் இல்லை. தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. அதன் உரையில் வரும் எடுத்துக்காட்டு 'பத்தும் கொடால்'. பத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்பது பொருள். 'பத்தில் ஒன்றைக்கூடக் கொடுக்காதே' என்று கேட்டவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டின் பாகப்பிரிவினையே கவிழ்ந்துவிடும்.

அந்த நன்னூல் நூற்பாவை மறுபடி ஒரு முறை பாருங்கள். 'ஒரோவழி' என்கிறார், எப்போதும் என்று சொல்லவில்லை. 'எச்சமும் ஆகும்' என்கிறார். 'எச்சம் ஆகும்' என்று சொல்லவில்லை. முற்றாகவே நிற்கவும் செய்யும், சில இடங்களில் எச்சமாகவும் மாறும் என்பதை அந்த ஓர் உம்மைக்குள் வைத்துவிட்டார். உம்மையைப் பற்றிய விதியை உம்மையை வைத்தே அளந்து எழுதியிருக்கிறார். நான்கே சொல். இதை முகநூலில் எழுத நமக்கு நான்கு பத்தி தேவைப்படும். அப்போதும் ஒருவர் வந்து 'எல்லா இடத்திலும் அப்படியா?' என்று கேட்பார்.

நேரில் பேசும்போது இந்தக் குழப்பம் அநேகமாக வருவதில்லை. 'எல்லாரும்' என்பதை அழுத்தி, கொஞ்சம் இழுத்து, 'வரவில்லை' என்பதைத் தணித்துச் சொன்னால் சிலர் வந்தார்கள் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சமமாகச் சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினால் கூட்டம் காலி. குரலும் முகமும் செய்கிற இந்த வேலையை எழுத்தில் செய்ய ஆள் இல்லை. ஆனால் எழுதுகிறவர் காதில் அவருடைய குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் தான் எழுதியதில் இரண்டாம் பொருள் இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரைக் கேலியாகவும் நேராகவும் வாக்கியங்களைச் சொல்ல வைத்து, அவற்றை மின்னஞ்சலாகவும் குரலாகவும் இன்னொருவருக்கு அனுப்பினார்கள். எது கேலி, எது நேர் என்பதை நூற்றுக்கு 78 முறை எதிராளி சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். குரலில் அந்த நம்பிக்கை ஏறக்குறைய பலித்தது. மின்னஞ்சலில் கிடைத்தது 56. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்? 'எல்லாரும் வந்துவிடவில்லை' என்றிருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருக்கலாம். 'விடு' என்ற துணைவினை சேர்ந்ததும் வாக்கியம் 'சிலர்' பக்கம் சாய்கிறது. '24 வீட்டில் 14 வீட்டார் வந்தார்கள்' என்றிருந்தால் சாய்வு நிமிர்வு எதுவுமே தேவையில்லை. எண்ணிக்கை கையில் இருக்கும்போது 'எல்லாரும்', 'யாரும்', 'பலர்', 'சிலர்' என்று எழுதுவது சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த இரண்டாவது வரியிலும் ஒரு கண்ணி இருந்தது. மறுநாள் விளக்கம் கேட்டபோது செயலாளர் '500 ரூபாய் உயர்வு' என்றார். வாடகைக்கு வந்து ஒரு மாதமே ஆன ஒருவர், '500 ரூபாயாக உயர்வு' என்று படித்து மகிழ்ந்துபோனார். பாவம், 2,000 ரூபாய் 2,500 ஆகிறது என்பது அவருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியில் 6.50-இலிருந்து 6.25 ஆனபோதும் 'கால் சதவீதம் குறைப்பு' என்றுதான் எங்கும் எழுதினார்கள். குறைந்தது கால் சதவீதப் புள்ளி. இருந்த விகிதத்தில் கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 4 சதவீதக் குறைவு. வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள் இதை வைத்து ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இரு தரப்பும் கணக்கில் தவறவில்லை.

விட்டுப்போன உருபுக்கு வருவோம். 'புலி கொல் யானை' என்ற தொடரைத் தொல்காப்பிய உரைகாரர்கள் எடுத்துக்காட்டாக வைக்கிறார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டும்தான். 'ஐ' இருந்திருந்தால் யானை பிழைத்திருக்கும்; 'ஆல்' இருந்திருந்தால் செத்திருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில், பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது இலக்கணம். உரையில் அதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 'புலிகொல் யானை ஓடாநின்றது' என்றால் யானை ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே செத்தது புலி. 'புலிகொல் யானைக் கோடு வந்தன' என்றால் தந்தம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, ஆகவே போனது யானை.

இப்போது ஒரு செய்தித் தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'போலீஸ் தாக்கிய இளைஞர் கைது.' கைது என்ற சொல் இருப்பதால் இளைஞர்தான் தாக்கியிருப்பார் என்று ஒருவர் படிக்கிறார். 'போலீஸ் தாக்கிய இளைஞர் மருத்துவமனையில்.' இப்போது தாக்கியது போலீஸ். முதல் தலைப்பையும் இரண்டாவது மாதிரியே படிக்க முடியும். அடித்தும் விட்டு, கைதும் செய்தார்கள் என்று. தலைப்பில் இடமில்லை என்பதற்காக நறுக்கிய 'ஐ' ஒன்று, யார் அடித்தார் யார் அடிபட்டார் என்பதையே அழித்துவிடுகிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்கிற பழக்கம் உள்ளவர்கள் அவரவருக்குப் பிடித்த யானையை உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே போய்ச் செய்தியைப் படிப்பதுதான் அந்தக் கோடு வந்ததா என்று பார்ப்பது.

இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள். 'தலைவர் பொய்யர் என்று சொன்னார்.' தலைவர் வேறு யாரையோ பொய்யர் என்றாரா, வேறு யாரோ தலைவரைப் பொய்யர் என்றாரா? தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடலாம் என்பது பெரிய வசதி. நாள் முழுக்க அதை வைத்துத்தான் பேசுகிறோம். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் போடும்போது அந்த வசதி ஆபத்தாகிறது. ஒரு வரியை வெட்டி எடுத்துப் படமாக்கிப் பகிரும்போது முன்வரியில் இருந்த எழுவாய் அங்கேயே தங்கிவிடுகிறது. 'என்று' என்ற சொல் வருகிற எந்த வாக்கியத்திலும் சொன்னவர் பெயரும், சொல்லப்பட்டவர் பெயரும் அதே வாக்கியத்துக்குள் இருக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். நடை கொஞ்சம் கனக்கும். பரவாயில்லை.

தமிழில் ஓயாமல் நடக்கிற ஒரு சண்டையில் இந்தச் சிறுசொற்கள் செய்யும் வேலையைப் பார்க்கலாம். 'தமிழே மூத்த மொழி.' இந்த ஏகாரத்தைத் தேற்றமாகவும் படிக்கலாம், பிரிநிலையாகவும் படிக்கலாம். தேற்றம் என்றால் 'சந்தேகமில்லாமல் தமிழ் மூத்த மொழி'. மற்ற மொழிகளைப் பற்றிப் பேச்சில்லை. பிரிநிலை என்றால் 'வேறெதுவும் இல்லை, தமிழ் மட்டும்'. எழுதியவர் பெருமிதத்தில் முதலாவதை நினைத்திருப்பார். படிப்பவர் இரண்டாவதற்குச் சான்று கேட்பார். 'தமிழும் மூத்த மொழி' என்றால் சண்டையே இல்லை; ஆனால் அப்படி எழுதினால் யாரும் பகிரவும் மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதோடு முடியவில்லை. 'மூத்த' என்றால் எதில்? எழுத்துச் சான்றில் என்றால், சுமேரியமும் எகிப்தியமும் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதிக்குப் போகின்றன. பழைய இலக்கியம் இருந்து, அதே மொழி இன்றும் தெருவில் பேசப்படுகிறதா என்று கேட்டால் தமிழின் இடம் மிக உயரம். உலகில் அப்படிச் சொல்லக்கூடிய மொழிகள் சிலவே. வெறும் பேச்சுமொழியாகவா என்றால் கேள்வியே நிற்காது. எந்த மொழிக்கும் பிறந்த தேதி கிடையாது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய ஒன்றிலிருந்து மாறி வந்ததுதான். மூன்று கேள்விகளை ஒரே பெயரெச்சத்துக்குள் அடைத்துவிட்டு, பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறோம்.

'முதல்' என்ற சொல்லும் இப்படித்தான். 2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. அந்தத் தகுதி கிடைத்த முதல் மொழி தமிழ். சமஸ்கிருதத்துக்கு 2005-இல் கிடைத்தது. '2004-இல் முதலாவதாக அறிவிக்கப்பட்ட செம்மொழி' என்ற உண்மை, பகிர்ந்து பகிர்ந்து 'முதல் செம்மொழி' என்று தேய்ந்தது. பிறகு 'உலகின் முதல் மொழி' என்று வளர்ந்தது. அரசாணையில் இருந்தது அறிவிப்பின் வரிசை. இப்போது அது வயதின் வரிசையாகிவிட்டது.

கீழடியையும் இதே கண்ணால் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று கரிமக் கணிப்பில் வந்தது. கணிக்கப்பட்டது கரித்துண்டின் காலம். அந்தக் கரி கிடைத்த மண்ணடுக்கு அதே காலத்தது என்பது அடுத்த படி. அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள பானையோடுகளும் அந்தக் காலத்துக்குப் போகும் என்பது அதற்கடுத்த படி. அறிக்கை அந்தப் படி வரை ஏறுகிறது. தமிழ் பிராமியைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்கு முன்னே கொண்டுபோகத் தயங்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இவை எல்லாம் நேர்மையாக வாதிக்கத்தக்க படிகள். ஆனால் இணையத்தில் புழங்கும் வாக்கியம் 'தமிழ் 2,600 ஆண்டுப் பழைய மொழி என்று கீழடி நிரூபித்தது'. எதிர்ப்பவர் 'ஒரு கரித்துண்டை வைத்தா?' என்கிறார். வேடிக்கை என்னவென்றால், இந்த வாக்கியம் சான்றைத் தாண்டியும் பேசுகிறது, தமிழைக் குறைத்தும் பேசுகிறது. எழுத்து கி.மு. 580-இல் இருந்தால் பேச்சு அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இருந்திருக்க வேண்டும். 'பழைய மொழி' என்ற இடத்தில் 'எழுத்துச் சான்று' என்று போட்டிருந்தால் பெருமையும் குறையாது, சண்டைக்காரருக்குப் பிடியும் கிடைக்காது.

2025 ஜனவரியில் வெளிவந்த இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையிலும் இதே கதை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்றது அந்த அறிக்கை. அன்று மாலையே 'உலகில் முதன்முதலில் இரும்பைப் பயன்படுத்தியவன் தமிழன்' என்று ஒரு பக்கம், 'எகிப்தில் அந்தக் காலத்து இரும்பு மணிகள் உண்டு, போங்கள்' என்று இன்னொரு பக்கம். எகிப்தின் கெர்சேயில் கிடைத்த மணிகள் உண்மைதான், அவை கி.மு. 3200-ஐ ஒட்டியவை. ஆனால் அவை விண்கல் இரும்பைத் தட்டிச் செய்தவை. சிவகளை பற்றிய பேச்சு தாதுவிலிருந்து உருக்கி எடுத்த இரும்பைப் பற்றியது. 'உருக்கிய' என்ற ஒரு சொல்லை இரு தரப்புமே எழுதவில்லை. எழுதியிருந்தால், காலத்தைக் கணித்தது கரியையும் மட்கலத்தையும் வைத்துத்தானே, அவை அந்த இரும்போடு சேர்ந்தவை என்பது எவ்வளவு உறுதி என்ற நல்ல கேள்விக்கு வந்திருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களை இரண்டு பக்கத்தாரும் திட்டினார்கள்.

இப்படி எழுதிக்கொண்டே போனால், 'சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்' என்று ஒருவர் சொல்லக்கூடும். நியாயமான குற்றச்சாட்டு. வாதத்துக்குப் பதில் இல்லாதபோது ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டித் தப்பிக்கும் ஆட்களை எல்லாருக்கும் தெரியும். எதிராளி 'கருப்பு' என்று எழுதினார், 'கறுப்பு' என்றுதான் எழுத வேண்டும், ஆகவே அவர் பொருளாதாரம் பேசத் தகுதியற்றவர் என்ற தோரணை. எனக்கு இதில் ஓர் அளவுகோல் உண்டு: அந்த இடத்தை மாற்றினால் 'ஆம்' என்ற பதில் 'இல்லை' ஆகுமா? ஆகும் என்றால் கேட்கலாம். ஒற்றேகூட அப்படி ஆகக்கூடிய இடங்கள் உண்டு. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானையிடமிருந்து வந்தது. மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டு விஷயத்துக்குப் போவது நல்லது. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' இருக்கிறது. அதே பட்டியலில் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் இருக்கிறது. ஒற்றுப்பிழை பிடிப்பவர் முதல் குற்றத்தைத் திருத்தப் போய் இரண்டாவதைச் செய்கிறார். எங்கள் மோட்டார் ரிப்பேர் கணக்கும் அந்த வகைதான்.

சொல் தளர்ந்தால் வருவது வெறும் வாய்ச்சண்டை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு இருந்தது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்தது. கணினி வழியே 'மிகவும் புண்படுத்தும்' செய்தியையோ, பொய்யென்று தெரிந்தே 'எரிச்சல்', 'அசௌகரியம்' உண்டாக்குவதற்கான செய்தியையோ அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், சிவசேனை நிறுவனர் பால் தாக்கரேயின் மறைவை ஒட்டிய கடையடைப்பைப் பற்றி ஒரு பெண் முகநூலில் எழுதினார். இன்னொருவர் அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைதானார்கள். அதைத் தொடர்ந்து போன வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவையே ரத்து செய்தார்கள். எரிச்சலுக்கு எல்லை எங்கே என்று சட்டம் சொல்லவில்லை. ஒருவருக்கு எரிச்சலூட்டுவது இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 'மிகவும் புண்படுத்தும்' என்ற அதே சொல்லை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கையும் காட்டினார்கள். ஒரே செய்தியை ஆராய்ந்த கீழ்நீதிமன்றமும் மேல்மன்றமும் அங்கே நேர் எதிரான முடிவுக்கு வந்திருந்தன. பயிற்சி பெற்ற நீதிபதிகளுக்கே அந்தக் கதி என்றால் காவல் நிலையத்து எழுத்தருக்கு என்ன செய்வது?

அந்தத் தீர்ப்பு இன்னொரு வேலையும் செய்தது. விவாதிப்பது, ஒரு கருத்துக்காகப் பரிந்து பேசுவது, தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டும், எவ்வளவு பேருக்குப் பிடிக்காமல் போனாலும், பேச்சுரிமைக்குள் அடங்கும். தூண்டுதல் என்ற மூன்றாம் கட்டத்தில்தான் சட்டம் கை வைக்கலாம் என்றது. அன்றாடச் சண்டையில் இந்த மூன்றையும் நாம் 'பேசிவிட்டான்' என்ற ஒரே வினைமுற்றால் குறிக்கிறோம். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற நீளமான தொடரைக் 'குற்றவாளி' என்று சுருக்குவதும், 'இடைக்காலத் தடை' என்பதை 'ரத்து' என்று எழுதுவதும் அதே பழக்கம்தான்.

எங்கள் குடியிருப்பு விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்கலாம். முடியவில்லை, நன்னூலின் பட்டியலில் இன்னொரு குற்றத்துக்குப் பெயர் 'சென்று தேய்ந்து இறுதல்', அப்படிப் போயிற்று. செயலாளர் நல்ல மனிதர். மூன்றாம் நாள் கீழே அறிவிப்புப் பலகையில் கைப்பட எழுதி ஒட்டினார்: '24 வீட்டாரில் 14 வீட்டார் கூட்டத்துக்கு வந்தனர். அவர்களில் 11 வீட்டார் ஒப்புதல். கட்டணம் மாதம் 2,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாகிறது.' இரண்டு பொருளுக்கு இடமே இல்லாத மூன்று வாக்கியம். மூன்றாம் மாடிக்காரர் நின்று இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லாமல் லிஃப்டில் ஏறிப் போனார்.

அடுத்த மாதம் 10-ஆம் தேதி காலை குழுவில் செயலாளரிடமிருந்து செய்தி வந்தது: "எல்லாரும் இன்னும் புதிய கட்டணத்தைக் கட்டவில்லை. வருத்தமாக இருக்கிறது."

நான் ஒன்றாம் தேதியே கட்டியிருந்தேன். ரசீதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் மாடியிலிருந்து பதில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.